ஷீட் கூரையைப் பிரிக்கும் முன்

தை பிறந்துவிட்டால் கடைவீதியில் சரக்குப் பேச்சோடு வீட்டு வேலைப் பேச்சும் சேர்ந்துகொள்ளும். மகனுக்குக் கல்யாணம், மாடியில் ஓர் அறை எடுக்க வேண்டும் என்பார் ஒருவர். பின்கட்டைப் பிரித்துத் தளம் போட வேண்டும் என்பார் இன்னொருவர். கிட்டங்கி ஒழுகுகிறது, இந்த வருஷமாவது மாற்ற வேண்டும் என்பார் மற்றொருவர். கொத்தனார் கூலி என்ன, கம்பி விலை என்ன, மணல் கிடைக்கிறதா என்று எல்லாம் விசாரிப்போம். பிரித்த பழைய கூரை என்ன ஆயிற்று என்று கேட்டால் மட்டும், "அது ஒரு நாள் வேலை, அன்றைக்கே இறக்கிப் போட்டாயிற்று" என்று பதில் வரும். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் இங்கே எழுத வந்தோம்.

எங்கள் கடை மதுரை கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ஊர்க்காரர்களுக்கு அமைப்பைச் சொல்ல வேண்டியதில்லை. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்னால் கிட்டங்கி. பாட்டனார் கட்டியபோது பின்கட்டு முழுவதும் நாட்டு ஓடு. வருஷா வருஷம் ஓடு மாற்ற ஆள் தேட வேண்டும். குரங்கு ஏறிவிட்டால் கேட்கவே வேண்டாம். தளம் போடலாம் என்றால் அந்நாளில் சிமெண்ட் பெர்மிட்டில் கிடைத்த சரக்கு. 1982-ல் பாதியும் 1989-ல் மீதியுமாகத்தான் அந்தக் கட்டுப்பாடு நீங்கியது. ஆகவே 1974-ல் தகப்பனார் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார்கள். கீற்றைப் போலத் தீப்பிடிக்காது, ஓட்டைப் போல அதிக மரம் கேட்காது, கரையான் அரிக்காது, விலையும் கைக்கு அடக்கம். ஷீட் போட்ட கிட்டங்கி என்றால் அன்றைக்கு ஒரு மதிப்பு. வெயில் காலத்தில் வெல்லம் இளகும், மிளகாய் வற்றல் நிறம் மங்கும் என்ற குறைகளைப் பிறகுதான் கண்டோம்.

1996-ல் வியாபாரம் கொஞ்சம் பெருகியது. பழைய கூரையைப் பிரித்து, 30 அடிக்கு 60 அடி என்று கிட்டங்கியை அகலப்படுத்தினோம். பத்தடி ஷீட் 36, எட்டடி ஷீட் 36, ஆக 72 ஷீட். வேலையைச் செய்தவர் எங்கள் தெருவுக்கே ஷீட் மாட்டிக் கொடுக்கும் ஆசாரி. கெட்டிக்காரர், ஒரு நூல் பிசகாது. சரக்கை வெளியேற்ற மனசில்லாமல், துவரம்பருப்பு மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கி, மேலே பழைய சாக்குகளைப் போட்டு மூடிவிட்டு வேலையை நடத்தினோம். பழைய ஷீட்டைச் சுத்தியலால் தட்டி உடைத்து இறக்கினார்கள். புது ஷீட்டை மூலைக்கு மூலை மெஷினில் அறுத்தார்கள். அறுக்கும்போது ஆசாரி மாவு மில்லில் நிற்பவரைப் போலத் தலை முதல் கால் வரை வெளுத்திருந்தார். துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டோம்.

"சிமெண்ட் தூசிதானே அண்ணாச்சி, குளிச்சாப் போயிரும்" என்றார்.

நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். வேலை முடிந்ததும் மூட்டைகளை உதறி அடுக்கச் சொன்னோம்; லோடுமேன்கள் ஆறு பேர் அரை நாள் உதறினார்கள். சித்தாள்கள் தென்னந்துடைப்பத்தால் கூட்டினார்கள். எங்கள் மகளும் பக்கத்து வீட்டுப் பெண் குழந்தைகளும் உடைந்த ஷீட் துண்டுகளைப் பொறுக்கி, வாசல் கல்லில் தேய்த்து வட்டமாக்கி, பாண்டி விளையாடச் சில்லு செய்துகொண்டார்கள். ஓட்டுச் சில்லைவிட ஷீட் சில்லு வழுக்கிக்கொண்டு போகும் என்று அந்தக் குழந்தைகளுக்குள் ஒரு கணக்கு. உடையாத பழைய ஷீட்டுகளை ஒருவர் விலைக்கு எடுத்துப் போனார். 'பழைய ஷீட் வகையில் வரவு' என்று பேரேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். யார் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் போயிற்றோ, யார் டீக்கடைக்குப் போயிற்றோ தெரியாது. உடைந்ததைச் சந்துக் குழியில் கொட்டி, மேலே மண் போட்டு நிரவினோம்.

இதில் எதையும் தப்பு என்று அப்போது யாரும் எங்களிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்போமா என்பது சந்தேகம்தான்.

2019-ல் ஒரு நாள் அந்த ஆசாரி கடைக்கு வந்தார். நாலு படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தோம். இரண்டு வருஷமாக இருமலாம். காசநோய் என்று மாத்திரை சாப்பிட்டாராம். சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லையாம். மூச்சு மட்டும் வர வரக் குறைகிறதாம். மருந்துச் செலவுக்குக் கேட்டு வந்திருந்தார். பணம் கொடுத்ததோடு நிற்காமல், நுரையீரல் வைத்தியர் ஒருவரிடம் நாங்களே அழைத்துப் போனோம்.

வைத்தியர் நோயைப் பற்றிக் கேட்பதற்கு முன் தொழிலைப் பற்றிக் கேட்டார். எத்தனை வருஷம், என்ன பொருள், கையாலா மெஷினாலா, ஈரமாகவா உலர்ந்தா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, நுரையீரல் தழும்பேறி இறுகிப் போயிருக்கிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். ஷீட் தூசிதான் காரணமா என்று கேட்டோம். இவர் பீடியும் பிடித்திருக்கிறார், சிமெண்ட் தூசியிலும் இருந்திருக்கிறார், ஒன்றையே கைகாட்டிச் சொல்ல முடியாது. ஆனால் முப்பது வருஷம் ஷீட் அறுத்தவருக்கு இப்படி வந்தால் முதலில் அதைத்தான் நினைக்க வேண்டும் என்றார். வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது ஆசாரி, "அண்ணாச்சி, நம்ம கிட்டங்கிக்கு 72 ஷீட் போட்டோம், ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். குற்றமாகச் சொல்லவில்லை. வேலை ஞாபகத்தில்தான் கேட்டார்.

அதற்குப் பிறகுதான் இந்தப் பொருளைப் பற்றி விசாரிக்க ஆரம்பித்தோம். படித்தவர்கள் சொன்னதையும் பத்திரிகைகளில் வந்ததையும் சேர்த்து, நமக்குப் புரிகிற அளவில் சொல்கிறோம்.

ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல்நார். பூமியிலிருந்து வெட்டி எடுக்கும் கல்தான்; ஆனால் பஞ்சைப் போல இழை இழையாகப் பிரியும். நெருப்புக்கு அசையாது. பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் முக்காலியின் மேல் ஒரு கம்பி வலை வைப்பார்களே, நடுவில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்குமே, அது கல்நார்தான். நாங்கள் படித்த காலத்தில் அதை நகத்தால் சுரண்டிக்கூட விளையாடியிருக்கிறோம். கூரை ஷீட்டில் பெரும்பகுதி சிமெண்ட். நூற்றுக்குப் பத்துப் பங்குக்குள்தான் கல்நார். அந்தப் பத்துப் பங்குதான் ஷீட்டுக்கு வலு. வெள்ளை, பழுப்பு, நீலம் என்று வகைகள் உண்டு. கூரை ஷீட்டில் பெரும்பாலும் வெள்ளை வகை. நம் நாட்டில் ஆந்திரத்தில் புலிவெந்துலா பக்கமும் ராஜஸ்தானிலும் முன்பு வெட்டி எடுத்தார்கள். அது நின்றுபோய் இப்போது இறக்குமதிதான். ரஷ்யாவிலிருந்துதான் அதிகம் வருகிறது.

முழு ஷீட்டாக மேலே கிடக்கும்போது இழைகள் சிமெண்டுக்குள் கட்டுண்டு கிடக்கின்றன. அறுத்தால், துளைத்தால், உடைத்தால், தேய்த்தால் விடுபட்டுக் காற்றில் கலக்கின்றன. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை, கண்ணுக்குத் தெரியாது, காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும். மூச்சோடு உள்ளே போனால் உடம்பு அதைக் கரைக்கவும் மாட்டாது, முழுக்க வெளியே தள்ளவும் மாட்டாது. நுரையீரல் இறுகும் நோய், நுரையீரல் புற்றுநோய், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் வரும் ஒருவகைப் புற்றுநோய் ஆகிய மூன்றும் இதனால் வருகின்றன. கல்நாரில் எல்லா வகையும் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் தீர்மானமான முடிவு. பீடி சிகரெட் பிடிப்பவருக்கு நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்காகப் பெருகுகிறது.

இதில் மிகவும் கெட்ட அம்சம் காலக்கணக்கு. இன்றைக்கு மூச்சில் போனதற்கு 20 வருஷம், 40 வருஷம் கழித்துத்தான் பற்று எழுதப்படுகிறது. அதனால்தான் கொத்தனார், "நான் இருபது வருஷமா அறுக்கிறேன், எனக்கு என்ன வந்திருச்சு?" என்று கேட்கும்போது நம்மால் பதில் சொல்ல முடிவதில்லை.

பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. ஷீட் கூரையின் கீழ் குடியிருப்பவரெல்லாம் நோயாளி ஆகிவிடுவார் என்று யாரும் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை வீட்டில் வேலை நடந்ததால் வரும் அபாயம் சிறிது; தினமும் அறுப்பவருக்கு வருவது பெரிது. ஆனால் இந்த அளவு வரை பாதகமில்லை என்று கோடு கிழித்துச் சொல்லவும் முடியாது என்கிறார்கள். வாய்வழியாகப் போவதைவிட மூச்சுவழியாகப் போவதுதான் விஷயம். பருப்பில் விழுந்த தூசியைத் தின்றவரைக் காட்டிலும், அந்தச் சாக்கை உதறிய லோடுமேனைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். ஷீட் விற்பதும் வாங்குவதும் நம் நாட்டில் சட்டப்படி சரியே. 1995-ல் உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர்கள் வழக்கில், தொழிலாளியின் உடல்நலம் அவனது அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னது. ஒவ்வொரு தொழிலாளியின் மருத்துவக் குறிப்பையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷமாவது பாதுகாக்க வேண்டும் என்றது. 40 வருஷம் என்று ஏன் சொன்னார்கள் என்பது மேலே சொன்ன காலக்கணக்கைப் பார்த்தால் விளங்கும். ஆனால் அது ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்பவர்களைப் பற்றியது. நம் தெரு ஆசாரிக்கு யார் குறிப்பு வைத்திருக்கிறார்கள்? முழுத் தடை கேட்டுப் போட்ட மனுவை அதே நீதிமன்றம் 2011-ல் தள்ளுபடி செய்தது.

வெளிநாடுகளில் இங்கிலாந்து 1999-ல் தடை செய்தது, ஆஸ்திரேலியா 2003 முடிவில், ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2005-ல், கனடா 2018-ல். கனடாவில் ஆஸ்பெஸ்டாஸ் என்றே பெயர் வைத்திருந்த சுரங்க ஊர் 2020-ல் அந்தப் பெயரை மாற்றிக்கொண்டது. அமெரிக்கா வெள்ளைக் கல்நாருக்குத் தடை ஆணை போட்டது 2024-ல்தான். இலங்கைக் கதை வியாபாரிகளான நாம் கவனிக்க வேண்டியது. 2018 ஜனவரி முதல் கல்நார் இறக்குமதியைக் கட்டுப்படுத்துவதாக அவர்கள் அறிவித்திருந்தார்கள். 2017 டிசம்பரில் ரஷ்யா, இலங்கைத் தேயிலைச் சரக்கில் ஒரு வண்டு இருந்தது என்று சொல்லித் தேயிலை வாங்குவதை நிறுத்தியது. கல்நார்க் கட்டுப்பாடு தளர்ந்தது. தேயிலையும் மறுபடி கப்பல் ஏறியது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டுப் பத்திரிகைகள் எழுதின. அந்த வண்டு நம் கிட்டங்கிப் பருப்பிலும் வருகிற வண்டுதான். ஒரு வண்டுக்கு இவ்வளவு பலம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டோம்!

இனி 2022-ல் நாங்கள் செய்த வேலைக்கு வருகிறோம். இளைய மகனின் கல்யாணத்தை முன்னிட்டு வீட்டின் பின்கட்டையும் கிட்டங்கியையும் சேர்த்து எடுத்துக் கட்டத் தீர்மானித்தோம். 1996-ல் போட்ட அதே 72 ஷீட். அடுக்களைப் புகைப்போக்கிக் குழாய். மழைத்தண்ணீர் இறங்கும் இரண்டு பழைய குழாய்கள். குளியலறைக்கு மேலே ஒரு சின்னத் தடுப்பு. பார்த்தால் எல்லாம் சாம்பல் நிறம். கல்நாரா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய சாம்பல் நிறச் சிமெண்ட் ஷீட், சிமெண்ட் குழாய் என்றால் கல்நார் என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வதுதான் புத்தி.

கட்டடக் காண்டிராக்டர் வந்து பார்த்துவிட்டு, இறக்குவதற்கு என்று மொத்தமாக ஒரு தொகை சொன்னார். "ரெண்டு மணி நேர வேலை அண்ணாச்சி. மேலே ஏறித் தட்டினா எல்லாம் கீழே வந்திரும்" என்றார். இங்கேதான் நாங்கள் ஒன்றைக் கண்டுகொண்டோம். மொத்தத் தொகைக்கு விட்டால் உடைப்பார்கள். நாள் கூலிக்கு விட்டால் கழற்றுவார்கள். மொத்தத் தொகையில் வேகம்தான் அவர்களுக்கு லாபம். ஆகவே அந்த ஒரு வேலையை மட்டும் ஒப்பந்தத்திலிருந்து பிரித்தெடுத்து, நாள் கூலிக்கு ஐந்து பேர், எத்தனை நாளானாலும் சரி, உடையாமல் இறங்க வேண்டும் என்று பேசினோம். மூன்று நாள் ஆயிற்று. கூலி இரண்டு மடங்குக்கு மேல் ஆயிற்று. காண்டிராக்டர் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

மார்ச் 31 இருப்புக் கணக்கு எடுக்கும் சமயத்தில் சரக்கு குறைவாக இருக்கும் என்பதால் ஏப்ரல் முதல் வாரத்தை வைத்துக்கொண்டோம். ஒரு மூட்டை பாக்கியில்லாமல் வேறொரு கிட்டங்கிக்கு மாற்றினோம். வாடகை போனால் போகட்டும் என்று விட்டோம். வீட்டில் இருந்தவர்கள் மூன்று நாளும் சம்பந்தி வீட்டில் தங்கினார்கள். இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் முன்கூட்டியே சொல்லி, சன்னல்களைச் சாத்திவைக்கக் கேட்டுக்கொண்டோம். ஒருவர் கோபித்துக்கொண்டார், பிறகு அவரே வந்து விவரம் கேட்டார்.

மருந்து தெளிக்கும் கைத்தெளிப்பான் புதிதாக ஒன்று வாங்கி, தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்து ஷீட்டை நனைத்தோம். சோப்பு கலந்தால் தண்ணீர் வழிந்து ஓடாமல் ஊறும். மோட்டார் வைத்துப் பீய்ச்சக் கூடாது. அது மேல்பரப்பைப் பெயர்த்துவிடும். நனைந்த ஷீட் வழுக்கும் என்பதால் மேலே யாரையும் ஏற்றவில்லை. கீழேயிருந்து சாரம் கட்டி, சாரத்தில் நின்றுதான் வேலை. தூசியை விடுங்கள், ஷீட் மேல் ஏறுவதே உயிருக்கு ஆபத்து. பழைய ஷீட் ஆள் கனம் தாங்காது. எங்களுக்குத் தெரிந்த ஒரு கடையில், ஒழுகலை அடைக்க ஏறிய பையன் ஷீட் உடைந்து இருபதடி கீழே விழுந்து இடுப்பொடிந்து கிடந்தான். மூட்டை மேல் விழுந்ததால் பிழைத்தான்.

துருவேறிய ஜே போல்ட்டுகளைத் தட்டாமல், கிரைண்டர் வைக்காமல், முதல் நாளே எண்ணெய் விட்டு, மறுநாள் போல்ட் கட்டரால் நறுக்கினார்கள். பத்தடி ஷீட் ஒன்று நாற்பது கிலோ வரும். கயிறு கட்டி இரண்டு பேர் மேலிருந்து விட, இரண்டு பேர் கீழே வாங்கினார்கள். வாங்கியதைக் கெட்டியான பாலிதீன் விரிப்பில் அடுக்கி, இரண்டு சுற்றுச் சுற்றி, டேப் ஒட்டி, சிவப்புப் பெயிண்டில் 'கல்நார் - உடைக்காதே' என்று எழுதினோம். கைதவறி உடைந்தவை நான்குதான். உடனே நனைத்துத் தனியாகக் கட்டினோம்.

துணி கட்டினால் போதாது, ஆஸ்பத்திரி முகமூடியும் போதாது. பி-100 என்று குறியிட்ட வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடிகளைத் தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் வாங்கிக் கொடுத்தோம். ஏப்ரல் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வேலை செய்வது லேசல்ல. அரை மணிக்கு ஒரு தரம் வெளியே அழைத்து, கைமுகம் கழுவி, மோர் குடிக்க வைத்தோம். வேலைக்கென்று பழைய முழுக்கைச் சட்டை கொடுத்து, வீட்டுக்குப் போகுமுன் இங்கேயே குளிக்கச் செய்து, அந்தச் சட்டைகளையும் கடைசியில் பாலிதீனில் கட்டினோம். சட்டையோடு தூசி வீட்டுக்குப் போய், துவைக்கிற மனைவிக்கு நோய் வந்த கதைகள் மேல்நாடுகளில் ஏராளம். துடைப்பத்தைத் தொடவில்லை. ஈரத் துணியால் கைமரங்களையும் சட்டங்களையும் துடைத்து, துணிகளையும் கட்டிப் போட்டோம். வீட்டில் இருக்கிற தூசி உறிஞ்சும் மெஷினைக் கொண்டுவந்தார் மகன். அது முன்பக்கம் உறிஞ்சி நுண்ணிய தூசியைப் பின்பக்கம் ஊதிவிடும் என்று தடுத்துவிட்டோம்.

இரண்டாம் நாள் காலை ஆசாரி வந்துவிட்டார். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. எதிர்வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம், காற்று எதிர்ப்பக்கம் அடிக்கிறதா என்று பார்த்து. "வடமேற்கு மூலையில ரெண்டு போல்ட் இழுத்துப் பிடிச்சிருக்கும், கழிச்சுக் கட்டையோட சேர்த்து அடிச்சது, பார்த்து எடுக்கச் சொல்லுங்க" என்றார். போய்ப் பார்த்தால் அப்படியே இருந்தது. இருபத்தாறு வருஷம்! அன்று மாலை வரை உட்கார்ந்திருந்தார். பையன்கள் முகமூடியோடு வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். "நல்லதுதான் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னார். அடுத்த வருஷம் புரட்டாசியில் காலமானார்.

எல்லோரும் உடனே ஷீட்டைப் பிரிக்க வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. விரிசல் இல்லாமல், உதிராமல் இருக்கிற ஷீட்டைத் தொடாமல் விடுவதே பல இடங்களில் நல்ல வழி, செலவும் இல்லை. ஆனால் அதில் டிஷ் மாட்டவும் சூரிய ஒளித் தகடு மாட்டவும் துளை போடுவதும், பாசியைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பதும் கூடாது. சின்ன விரிசலுக்கு மேலே பூச்சு அடிக்கலாம். உட்புறம் உதிர்கிறது, தொட்டால் மாவாக வருகிறது என்றால் கழற்றத்தான் வேண்டும். ரொட்டி அடுப்பு வைத்திருக்கும் அன்பர்கள் அடுப்புக் கதவைச் சுற்றியிருக்கும் பழைய கயிறு என்ன கயிறு என்று பார்த்துக்கொள்ளவும். சிமெண்ட் ஷீட்டில் கல்நார்க் கயிற்றைப் போல அல்லாமல் இழை கட்டுண்டாவது இருக்கிறது. கயிற்றில் அதுவும் இல்லை.

புதிதாகப் போடுவோருக்கு ஒரு குறிப்பு. இப்போது கல்நார் கலக்காத நார்ச் சிமெண்ட் ஷீட்டும் வருகிறது. பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். ஷீட்டின் மேல் அச்சிட்டிருக்கும் இந்தியத் தர எண்ணைப் பாருங்கள். 459 என்றால் கல்நார் ஷீட். 14871 என்றால் மற்ற நார்ச் சிமெண்ட் ஷீட்டுக்கான எண். அதையும் பார்த்து, கல்நார் இல்லை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். நாங்கள் நிறம் பூசிய இரும்பு ஷீட் போட்டோம். அதில் ஒரு தொல்லை உண்டு. மார்கழிக் குளிரில் உட்புறம் வியர்த்துச் சொட்டும். கீழே சர்க்கரை மூட்டை இருந்தால் கணக்குத் தீர்ந்தது. உள்ளே வெப்பத்தடுப்புப் பாய் ஒட்டிய பிறகுதான் அது நின்றது. அந்தச் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

இறக்கிய 72 ஷீட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பழைய ஷீட் வாங்குபவர் இந்த முறையும் வந்தார். 1996-ல் கொடுத்ததைவிட நல்ல விலைதான் சொன்னார். கொடுக்கவில்லை. மாவட்டத்தில் யாரிடம் ஒப்படைப்பது என்று இரண்டு மூன்று இடங்களில் கேட்டோம். ஓர் இடத்தில் அடுத்த இடத்தைக் கைகாட்டினார்கள். அடுத்த இடத்தில், சாதாரணக் கட்டட இடிபாட்டோடு போடுங்கள் என்றார்கள். தொழிற்சாலைகளின் அபாயகரமான கழிவுகளை முறைப்படி புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் நிலையம் இருக்கிறது. ஆனால் எழுபது ஷீட் வைத்திருக்கும் மளிகைக்காரன் லாரி பிடித்து, காகிதம் எழுதி, அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது நடக்கிற காரியமா? தனித்தனியாகப் போனால் நடக்காது. இந்தச் சந்திலும் பக்கத்துச் சந்துகளிலும் மட்டும் ஷீட் போட்ட கிட்டங்கி எத்தனை என்று எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தொன்று. அடுத்த பத்து வருஷத்தில் அத்தனையும் பிரிபடும்.

எங்கள் ஷீட்டுகள் ஊருக்கு வெளியே எங்கள் மனையில், சுற்றிய பாலிதீன் கிழியாமல், மேலே கொட்டகை போட்டு அடுக்கியபடி இருக்கின்றன. வருஷத்துக்கு ஒரு முறை போய்ப் பார்த்து, வெயிலில் நைந்த இடத்தில் மறுபடி சுற்றிவிட்டு வருகிறோம். பலருடைய பழைய ஷீட்டுகளையும் ஒரே தேதியில், ஒரே லாரியில், உரிய அனுமதியோடு அனுப்புவதற்குச் சங்கத்தின் பேரில் எழுதிக் கேட்க வேண்டும் என்று அடுத்த மாதக் கூட்டத்துக்குத் தீர்மானம் ஒன்று கொடுத்திருக்கிறோம். பிரிக்கும் உத்தேசம் உள்ள அன்பர்கள் ஷீட் எத்தனை, எத்தனை அடி, எந்த வருஷம் போட்டது என்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டத்துக்கு வரும்போது கையோடு கொண்டுவரவும்.